மூன்றாவது வீதிக்குச் சொல்லாதது

ஜூன் 9, திங்கள்

வேலைக்குச் சேர்ந்துவிட்டேன். அடையாள அட்டையில் 'கோகிலவாணி, மக்கள் தகவல் அலுவலர்' என்று போட்டிருக்கிறார்கள். புகைப்படத்தில் என் சின்னம்மா மாதிரி விழுந்திருக்கிறேன். ஜவுளிக்கடை மைக்கில் வருடக்கணக்காக "இரண்டாம் தளத்தில் பட்டுப் பாவாடைகள்" என்று கூவியவளுக்கு இது பதவி உயர்வுதான்.

சின்னக்காளிபாளையம் பிரிவு ரோட்டிலிருந்து மில் கேட் வரைக்கும் மேம்பாலம் வருகிறது. எந்தப் பக்கம் ரோடு அடைப்பு, எப்போது தண்ணீர் நிற்கும், எங்கே தோண்டுகிறார்கள் என்று அக்கம்பக்கத்து வீதிகளுக்கெல்லாம் முன்கூட்டியே சொல்வது என் வேலை. ஒரு ஆட்டோ, அதன் தலையில் இரண்டு புனல் ஸ்பீக்கர், ஓட்டுவதற்கு மயில்சாமி என்ற பையன். சின்ன வயதுதான், கல்யாணமாகிக் கைக்குழந்தை இருக்கிறது.

"வீட்ல பேசறதுக்கும் சேத்துச் சம்பளம் கேட்டுப்பாரு" என்றார் என் வீட்டுக்காரர். சாப்பாட்டில் உப்பு குறைத்துப் போட்டேன்.

ஜூன் 12, வியாழன்

முதல் ரவுண்டு. தொண்டை வறண்டுவிட்டது. பாலத்தை நானே சட்டியில் சிமெண்ட் குழைத்துக் கட்டுவது போலத்தான் எல்லோரும் என்னிடம் கேட்கிறார்கள். "எப்பங்க முடிப்பீங்க?" "தூசி வருதே, தண்ணி தெளிச்சா என்னங்க?" முதல் வீதியில் ஒரு அம்மா, குப்பை வண்டி ஏன் வரவில்லை என்று என்னை நிறுத்தி வைத்துத் திட்டினார். டீக்கடையில் எனக்குப் பாலம்மா என்று பெயர் வைத்தாகிவிட்டது.

மூன்றாவது வீதியில் ஒருவர் ஆட்டோவுக்குக் குறுக்கே கையை நீட்டி நின்றார். கறுப்புக் கண்ணாடி, மடித்த வெள்ளைக் கோல், இஸ்திரி போட்ட சட்டை. பெயர் ஆறுச்சாமி. பிறவியிலேயே பார்வை கிடையாதாம். மில் ஆபீசில் டெலிபோன் ஆபரேட்டர்.

"இடப்பக்கம் அடைப்புன்னு சொன்னீங்களே அம்மிணி, எங்க பாத்து நின்னா இடப்பக்கம்? கோயிலப் பாத்து நின்னா ஒண்ணு, மில்லப் பாத்து நின்னா ஒண்ணு. நீங்க ஆட்டோல உக்காந்து சொல்றீங்க, ஆட்டோ திரும்பிப் போகுது. இடப்பக்கமும் கூடவே திரும்பிப் போகுமுங்களா?"

மயில்சாமி சிரித்துவிட்டான். எனக்குச் சுருக்கென்றது. எழுதிக் கொடுத்ததைப் படிக்கிறேன், அவ்வளவுதான் என்றேன்.

"எழுதிக் குடுத்தவருக்குக் கண்ணு இருக்குமுங்க" என்றார்.

ஜூன் 18, புதன்

இந்த மனிதர் விடமாட்டார் போலிருக்கிறது. வாட்ஸ்அப் குழுவில் நாங்கள் போடும் அறிவிப்பெல்லாம் கம்பெனி லெட்டர்பேடை ஃபோட்டோ எடுத்தது. அவருடைய போன் எழுத்தாக வந்தால் வாய்விட்டுப் படிக்குமாம். ஃபோட்டோ வந்தால் "படம்" என்று மட்டும் சொல்லிவிட்டுச் சும்மா இருக்குமாம். "தெனமும் எனக்குப் படம் அனுப்பறீங்க அம்மிணி, ரொம்பச் சந்தோசம்" என்று போனில் சொன்னார்.

சைட் இன்ஜினியர் கிருபாகரனிடம் கேட்டேன், எழுத்தாகவும் அனுப்பலாமா, இல்லையென்றால் என் குரலிலாவது பதிந்து அனுப்பலாமா என்று.

"லெட்டர்பேட் இல்லாம எதுவும் போகக் கூடாது மேடம். யாராவது மாத்தி ஃபார்வர்ட் பண்ணிட்டா நமக்குத்தான் பிரச்சனை."

"ஒருத்தருக்கு மட்டும் சார்."

"ஒருத்தருக்குன்னா எல்லாருக்கும்தான் மேடம்."

நல்ல மனிதர்தான். ஆனால் அவர் எதைச் சொன்னாலும் மேலே ஒருவர் சொன்னதாக இருக்கிறது. அந்த மேலே இருப்பவரை நான் பார்த்ததில்லை.

ஜூன் 20, வெள்ளி

இன்று தண்ணீர் வராது என்று தொண்டை கிழியச் சொன்னேன். எல்லா வீதியிலும் தண்ணீர் வந்தது.

ஜூன் 27, வெள்ளி

தாளில் எழுதியிருப்பதை இப்போதெல்லாம் அப்படியே படிப்பதில்லை. "வீதிக்குள்ளிருந்து மெயின் ரோட்டுக்கு வருபவர்களுக்கு வலது கைப் பக்கம்" என்று மாற்றிச் சொல்கிறேன். யாரும் கவனிக்கவில்லை, ஒருவரைத் தவிர.

"இப்பத்தான் அம்மிணி கால வெக்கறதுக்குத் தைரியமா இருக்குது" என்றார் ஆறுச்சாமியண்ணன். வாசலில் நாற்காலி போட்டு எங்களுக்கு மோர் கொடுத்தார். வீடு பளிச்சென்று இருக்கிறது. தனியாகச் சமைத்துச் சாப்பிடுகிறார். திருப்பூரில் தங்கை இருக்கிறாள். வந்து எங்களோடு இரு என்று அவள் வருடக்கணக்காகக் கூப்பிடுகிறாள்.

"அவ வீட்ல எனக்கு ஒரு கட்டில் போட்டிருக்கறா. டிவிப் பெட்டிக்குப் பக்கத்துல. போனா அந்தக் கட்டில்தான் எனக்கு ஊரு. தனியா பஸ் ஸ்டாப் வரைக்கும் போய்ட்டு வர்ற வரைக்கும்தான் அவளால ஒண்ணும் பண்ண முடியாது. ஒருநாள் விழுந்து எந்திரிச்சன்னு தெரிஞ்சா, அடுத்த நாளு வேன் எடுத்துட்டு வந்துருவா."

சிரித்துக்கொண்டேதான் சொன்னார். "உங்க வாயத்தான் நம்பியிருக்கறேன்" என்றும் சொன்னார். ஜவுளிக்கடையில் இத்தனை வருடம் கத்தினேனே, ஒரு ஜீவன் என் வாயை நம்பியதா? வரும் வழியெல்லாம் எனக்குக் கொஞ்சம் மிதப்பாகத்தான் இருந்தது.

ஜூலை 4, வெள்ளி

இரண்டாவது வீதியில் யாரோ ஆட்டோ மேல் சாணித் தண்ணீர் ஊற்றிவிட்டார்கள். நான் சொன்ன நேரத்தில் கரண்டு போகவில்லை, சொல்லாத நேரத்தில் போய் அரிசி ஊறி மாவு ஆட்ட முடியாமல் புளித்துவிட்டதாம். எனக்கே மத்தியானம்தான் தெரிந்தது என்றால் யார் நம்புவார்கள்? மயில்சாமி புனலைத் துடைத்துக்கொண்டே, "நம்மளுக்கே ஒருத்தர் ஆட்டோ வெச்சு வந்து சொன்னாத் தேவலைங்க்கா" என்றான்.

ஜூலை 9, புதன்

மூன்றாவது வீதியில் எழவு. மாவுக் கடை ருக்குமணியக்காவின் வீட்டுக்காரர். ரொம்ப நாளாகப் படுக்கையில் கிடந்தவர். கடைசிக் காலத்தில் ஒரு தட்டு விழுந்தால்கூடத் துடித்துப்போவாராம். அதனால் பறை வேண்டாம், பட்டாசு வேண்டாம், ஒரு சத்தமும் வேண்டாம் என்று அக்கா சொல்லிவிட்டார்.

இன்றைக்குப் பார்த்துத்தான் புதுத் தாள் வந்தது. மூன்றாவது வீதி முகப்பில், வலது கைப் பக்கம், குழாய் பதிக்க ஆளுயரத்துக்குக் குழி. வேலை சாயங்காலமே ஆரம்பம். பொதுமக்கள் இடது கைப் பக்கம் நடக்கவும்.

முதல் வீதி, இரண்டாவது வீதி சொல்லி முடித்தோம். மூன்றாவதில் திரும்பும்போது பந்தல் தெரிந்தது. வெளியே பெஞ்சில் ஆண்கள் தலையைக் குனிந்து உட்கார்ந்திருந்தார்கள். பிணத்தை வாசலில் வைத்திருக்கிறார்கள், நான் மைக்கில் "குழி தோண்டப்படுகிறது" என்று கத்திக்கொண்டு போவதா? அது மனிதர் செய்கிற காரியமா? மைக்கை நிறுத்து என்றேன்.

"மெதுவா ஒருக்கா சொல்லிப்போட்டுப் போயிரலாமுங்க்கா" என்றான் மயில்சாமி. "இல்லாட்டி நான் எறங்கிப் போய் நாலு வீட்ல சொல்லிப்போட்டு வர்றேன்."

"எழவு வீட்ல போய் என்னத்தச் சொல்லுவ? வண்டிய எடு" என்றேன்.

சத்தமில்லாமல் வீதியைக் கடந்தோம். பெஞ்சிலிருந்த ஒரு பெரியவர் எங்களைப் பார்த்துத் தலையசைத்தார். மரியாதை தெரிந்தவர்கள் என்பது போல.

ஆறுச்சாமியண்ணனுக்குப் போன் செய்யலாமா என்று நினைத்தேன். அவர் பந்தலுக்குள்தான் உட்கார்ந்திருப்பார், அங்கே போன் அடித்தால் நன்றாகவா இருக்கும்? நாளைக்கு முதல் ரவுண்டை மூன்றாவது வீதியிலிருந்தே ஆரம்பித்துவிடலாம். வீட்டுக்கு வந்து துணி ஊறவைத்தேன். பீர்க்கங்காய் வாங்கி வைத்திருந்தது முற்றிப்போயிருந்தது.

ஜூலை 10, வியாழன்

ஆறுச்சாமியண்ணன் குழிக்குள் விழுந்துவிட்டார்.

விடிந்தும் விடியாமலும் வேலைக்குக் கிளம்பியிருக்கிறார். அவர் எப்போதும் முதல் பஸ்ஸுக்குப் போகிறவர். எங்கள் ரவுண்டு அதற்கு வெகுநேரம் கழித்துத்தான்.

ஜூலை 11, வெள்ளி

கணுக்கால் எலும்பு முறிவு. நெற்றியில் தையல். உயிருக்கு ஒன்றுமில்லை. தகரத் தடுப்பு வைக்க வேண்டிய இடத்தில் ஒரு சிவப்பு ரிப்பன் மட்டும்தான் கட்டியிருந்தார்களாம். ரிப்பன் கோலில் சிக்கி, அவர் அதைக் கொடித்துணி என்று நினைத்து ஒதுக்கியிருக்கிறார்.

கிருபாகரனிடம் சத்தம் போட்டேன். தடுப்பு ஏன் வைக்கவில்லை என்று கேட்டேன்.

"தடுப்பு கேட்டு அனுப்பிருக்கேன் மேடம், வரலை. போர்டு வெச்சிருந்தோமே."

"போர்ட அவர் எப்படிங்க சார் படிப்பாரு?"

"அதுக்குத்தானே மேடம் நீங்க இருக்கீங்க" என்றார். கோபமாகக்கூடச் சொல்லவில்லை.

ஜூலை 14, திங்கள்

மேலே இருந்து ஒருவர் வந்தார். ஆபீஸ் கன்டெய்னருக்குள் என்னையும் மயில்சாமியையும் உட்கார வைத்துக் கேட்டார். எல்லா வீதிகளுக்கும் அறிவிப்பு போனதா?

மயில்சாமி என்னைப் பார்த்தான். அவன் பேசமாட்டான் என்று எனக்குத் தெரியும். போகவில்லை என்று சொன்னால் முதலில் போவது அவனுடைய ஆட்டோதான். கைக்குழந்தைக்காரன்.

"போச்சுங்க சார்" என்றேன்.

ஆட்டோ எல்லா வீதிகளுக்கும் போனது உண்மைதான். மூன்றாவது வீதியில் துக்கத்தின் காரணமாக மைக் நிறுத்தப்பட்டிருந்தது, அவ்வளவுதான்.

வெளியே வந்ததும் மயில்சாமி டீ வாங்கிக் கொடுத்தான்.

ஜூலை 22, செவ்வாய்

ஆறுச்சாமியண்ணன் ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்துவிட்டார் என்று கேள்விப்பட்டுச் சாத்துக்குடி வாங்கிக்கொண்டு போனேன். காலில் மாவுக்கட்டு. தங்கை வந்திருக்கிறாள். பெயர் செல்லாத்தாள். என்னை வாங்க என்றுகூடச் சொல்லவில்லை.

"வாங் அம்மிணி, உக்காருங்" என்றார் அவர். கட்டிலில் ஒதுங்கி இடம் விட்டார். நான் என்னென்னவோ சொல்ல வேண்டும் என்று வழியெல்லாம் சேர்த்து வைத்துக்கொண்டு போயிருந்தேன்.

அவரே ஆரம்பித்துவிட்டார். "கம்பெனிக்காரங்க வந்துருந்தாங்க. அன்னிக்கு மூணாவது வீதிலயும் சொன்னீங்கன்னாங்க. நான் பந்தல்ல வாசப்பக்கந்தான் உக்காந்திருந்தன், எனக்கு வுழுகவே இல்ல. இத்தன வருசத்துல இந்தக் காது என்னைய ஏமாத்துனதே இல்லீங் அம்மிணி. ரெண்டு லைன்ல ஒரே நேரத்துல பேசுனாக்கூடப் பிரிச்சுக் கேப்பன்."

காதைத் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டார்.

"ஐம்பது வயசாகுதல்ல, அதுக்கும் தேய்மானம் இருக்குமில்லீங்" என்றார்.

"அதெல்லாம் ஒண்ணுமில்லீங்கண்ணா" என்றேன். செல்லாத்தாள் பக்கத்திலேயே நின்றுகொண்டிருந்தாள். அவள் முன்னால் எப்படிப் பேசுவது?

சாத்துக்குடியை மேசையில் வைத்துவிட்டு வந்தேன்.

ஜூலை 30, புதன்

ஸ்டூடியோவுக்குக் கூட்டிப்போனார்கள். வலது பக்கம் திறப்பு, இடது பக்கம் அடைப்பு, தண்ணீர் நிறுத்தம், கரண்டு நிறுத்தம் என்று ஒரு கத்தை அறிவிப்புகளை ஒரே மூச்சில் படிக்கச் சொல்லிப் பதிந்துகொண்டார்கள். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருந்தவர், "குரல் அருமைங்க மேடம், டிவில முயற்சி பண்ணலாமே" என்றார். எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது.

ஆகஸ்ட் 5, செவ்வாய்

இனிமேல் நான் வர வேண்டியதில்லையாம். பதிந்து வைத்தது போதும், மயில்சாமியே பென்டிரைவைப் போட்டு ஓட்டிக்கொள்வான். கிருபாகரன் சொல்லும்போது மேசையில் இருந்த பேனா மூடியைத் திறந்து திறந்து மூடினார். "மேல முடிவு பண்ணிட்டாங்க மேடம்." அடையாள அட்டையை வாங்கி வைத்துக்கொண்டார். அந்தச் சின்னம்மா முகம் போய்த் தொலையட்டும்.

ஆகஸ்ட் 21, வியாழன்

மயில்சாமி என்னை வழியில் பார்த்தான். ஆறுச்சாமியண்ணன் மாவுக்கட்டுப் பிரித்துவிட்டாராம். ஒற்றைக் காலைத் தாங்கித் தாங்கி வாடகை வண்டி பிடித்துக் காது டாக்டரிடம் போய்விட்டு வந்தாராம்.

"டாக்டரு நல்லாத்தான் இருக்குதுன்னுட்டாராமுங்க்கா. அவருக்கு நம்பிக்க இல்ல. மெசினு சொல்றது வேற, தெருவுல கேக்கறது வேறங்கறாரு. வேற டாக்டரப் பாக்கறதுக்கு விசாரிச்சுட்டு இருக்கறாரு." பிறகு சொன்னான்: "சொல்லிப்போடுங்க்கா. என்னைய வேலய வுட்டு எடுத்தாலும் பரவால்ல."

எனக்குக் கோபம் வந்துவிட்டது. என்னத்தைச் சொல்லச் சொல்கிறாய் என்று கேட்டேன். மைக்கை அணைத்தது அவன் கைதானே? அவன் வண்டியைக் கிளப்பினான். போன பிறகு நடுரோட்டில் நின்று அழுதேன். யாராவது பார்த்திருப்பார்கள்.

செப்டம்பர் 8, திங்கள்

தினமும் பத்து மணிக்கு என் குரல் எங்கள் வீதிக்கும் வருகிறது. அடுப்படியில் தாளித்துக்கொண்டிருக்கும்போது, "பொதுமக்களின் கனிவான கவனத்திற்கு" என்று நானே என்னைக் கூப்பிடுகிறேன். எந்த ஃபைலைப் போட வேண்டும் என்று ஆபீசில் யாரும் சொல்வதில்லை போலிருக்கிறது. போன மாதம் போட்டதே ஓடிக்கொண்டிருக்கிறது.

மூன்றாவது வீதி முகப்பில் கேபிளுக்காக வலது பக்கத்தை மறுபடியும் தோண்டிவிட்டார்கள். என் குரல் அதுபாட்டுக்கு, வலது கைப் பக்க நடைபாதை திறந்துவிடப்பட்டது என்று சொல்லிக்கொண்டு போகிறது. கிருபாகரனுக்குப் போன் செய்தேன். வேறு சைட்டுக்கு மாற்றிவிட்டார்களாம். "புதுசா வந்தவர்கிட்ட சொல்றேன் மேடம்" என்றார். மயில்சாமியிடம் சொன்னேன். வேறு எதைப் போட்டாலும் வண்டியை நிறுத்திவிடுவேன் என்று புது ஆள் சொல்லியிருக்கிறாராம்.

செப்டம்பர் 15, திங்கள்

ஆறுச்சாமியண்ணன் இன்று காலை போன் செய்தார். குரலில் பழைய துள்ளல். "தங்கச்சி ஞாயித்துக்கெழம வேன் எடுத்துட்டு வர்றாளாம். அதுக்குள்ள ஒருக்காலாச்சும் தனியா பஸ் ஸ்டாப் வரைக்கும் போய்ட்டு வந்துட்டனா, வர வேண்டாமுன்னு சொல்லிப்போடுவன். நேத்து ஆட்டோல சொன்னீங்களே அம்மிணி, வலப்பக்கம் தெறந்தாச்சுன்னு. நல்லா வுழுந்துச்சு. இதா கெளம்பிட்டன்."

நான் சொல்வதற்குள் வைத்துவிட்டார். திரும்ப அடித்தால் எடுக்கவில்லை. அடுப்பை அணைத்தேனா என்றுகூடத் தெரியாமல் ஓடினேன்.

மூன்றாவது வீதி முகப்புக்குப் பத்தடி உள்ளே வந்துகொண்டிருந்தார். கோலைத் தட்டித் தட்டி, வலது பக்கமாக ஒதுங்கி. "அண்ணா, நில்லுங்! எடது பக்கம் வாங், வலப்பக்கம் குழி!" என்று கத்தினேன். நின்றார். முகத்தில் ஒரு சிரிப்பு வந்தது. அதே நேரத்தில் மெயின் ரோட்டிலிருந்து ஆட்டோ திரும்பியது. "வலது கைப் பக்க நடைபாதை திறந்துவிடப்பட்டது. பொதுமக்கள் அச்சமின்றி நடக்கலாம்." என் குரல்தான், ஸ்டூடியோவில் மெருகேற்றியது.

அவர் தலையை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திருப்பினார். நான் இடது என்று கத்துகிறேன், நான் வலது என்று கத்துகிறேன். அவர் முகத்திலிருந்து சிரிப்பு கொஞ்சம் கொஞ்சமாகப் போனதைப் பார்த்தேன். மயில்சாமி என்னைப் பார்த்துவிட்டுப் பதறிப்போய் அணைத்தான்.

"ரெண்டு எடத்துலருந்து கேக்குது" என்றார் மெதுவாக. "போச்சு. டாக்டருக்கு என்ன தெரியும்." கோலைத் திருப்பிக்கொண்டு வீட்டுப் பக்கம் நடக்க ஆரம்பித்தார்.

ஓடிப்போய்க் கூடவே நடந்தேன். "அது பதிஞ்சு வெச்சதுங்கண்ணா, பழசு. நான் வேலைல இல்ல. ஆட்டோல நான் இல்ல. உங்க காதுல ஒரு கொறையும் இல்லீங்கண்ணா." மூச்சு வாங்கச் சொன்னேன். கேட் வரைக்கும் வந்துவிட்டோம். கேட்டைப் பிடித்துக்கொண்டு யோசித்தார்.

"அப்ப அன்னிக்கு மட்டும் ஏன் அம்மிணி எனக்கு வுழுகல?"

தெருவில் யாரும் இல்லை. செல்லாத்தாள் இல்லை. மயில்சாமிகூடத் தூரத்தில்தான் நின்றான். சொல்ல வேண்டிய நேரம் அதுதான், அது எனக்குத் தெரியும். கடவுளே, எனக்கு நன்றாகத் தெரியும்.

"பறைச் சத்தத்துல கேட்டிருக்காதுங்கண்ணா" என்றேன்.

நெற்றித் தழும்பைத் தடவினார்.

"அன்னிக்குப் பற வெக்கலீங்களே அம்மிணி" என்றார்.

அவர் கேட்டைத் திறந்து உள்ளே போய், தாழ்ப்பாளைத் தேடிப் போட்டார். எனக்காகச் சொன்னாரோ தனக்காகச் சொன்னாரோ, போகும்போது சொன்னது காதில் விழுந்தது.

"அப்ப என்ற காது நல்லாத்தான் இருக்குது."

செப்டம்பர் 24, புதன்

தங்கையின் வேன் வந்து, காலியாகவே திரும்பிப் போனதாக ருக்குமணியக்கா சொன்னார்.

இன்று காய் வாங்கப் போனபோது மூன்றாவது வீதி முகப்பில் ஆறுச்சாமியண்ணனைப் பார்த்தேன். முகப்புக்கு வந்ததும் நின்று, போகிற ஒருவரிடம் வழி கேட்டார். அந்த ஆள் சொன்ன பிறகு காத்திருந்து, இன்னொருவரிடமும் அதையே கேட்டார். இரண்டும் ஒத்துப்போன பிறகுதான் கோலை நீட்டினார். நேரம் பிடிக்கிறது. ஆனால் நடக்கிறார்.

இடது பக்கத்தில்தான் நான் நின்றுகொண்டிருந்தேன். புதிதாகக் கொட்டிய ஜல்லி ஒரு குவியல் அவர் வழியில் நீட்டிக்கொண்டிருந்தது. கோல் அதைத் தொட்டுவிடும், தெரியும். இருந்தாலும் வாய்வரைக்கும் வந்துவிட்டது.

கோல் ஜல்லியைத் தொட்டது. ஒதுங்கி வந்தார். எனக்கு ஒரு கை தூரத்தில் நின்றுவிட்டார். பையில் கீரை சரசரத்திருக்க வேண்டும்.

"யாருங்க அது? பஸ் ஸ்டாப்புக்கு இப்பிடியே நேராப் போலாமுங்களா?" என்று கேட்டார்.

போகலாம். நேராகத்தான் போக வேண்டும். நான் பேசவில்லை. அவர் கொஞ்ச நேரம் காத்திருந்துவிட்டு, அடுத்து வருகிற ஆளுக்காகத் திரும்பி நின்றார்.